வரத்துக்கால் தூர்வார வந்த பணம்

வங்கிப் பணி ஓய்வுக்குப் பிறகு, முகப்பேர் வீட்டிலிருந்து திருவள்ளூர் பக்கம் உள்ள என் இரண்டு ஏக்கருக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன். போன மாதம் எங்கள் உழவர் குழுவில் ஒரு பேச்சு வந்தது. ஏரி வரத்துக்காலைத் தூர்வார ஒரு மின் நிறுவனம் பணம் தருகிறதாம். வாங்கலாமா? "காசுல என்ன சார் நல்லது கெட்டது, தண்ணி வந்தா சரி" என்றார் ஒரு தம்பி. பாதிப் பேர் தலையாட்டினார்கள். என் வயலும் அந்த ஏரியை நம்பித்தான் இருக்கிறது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அதில் அடக்கம். ஆக, இது தர்மம் அல்ல, சட்டக் கடமை. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் சாம்பல் விழுகிற ஊருக்கே பணமும் வரும். புகார் எழுத வேண்டியவரே ரசீதும் எழுதுவார்.

கடலூர் மாவட்டம் வளையமாதேவியை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஜூலையில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற நெற்பயிரில் என்.எல்.சி. இயந்திரங்களை இறக்கியது. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். உயர் நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொன்னது. இழப்பீடு உரிமை, கேட்டு வாங்கலாம், போதாது என்று சண்டையும் போடலாம். நன்கொடை வாங்கியவர் அப்படிச் சண்டை போட முடியுமா?

அமெரிக்காவில் 1892இல் தொடங்கிய சியரா கிளப்பே இதில் இடறியது. நிலக்கரியை எதிர்க்க, 2007 முதல் 2010 வரை செசபீக் என்ற எரிவாயு நிறுவனத்தின் தரப்பிலிருந்து இரண்டரைக் கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தது. பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை ஊர்க்காரர்கள் எதிர்த்துக்கொண்டிருந்த காலம் அது. 2012இல் விஷயம் வெளியே வந்தபோது, அதுவரை சொன்ன நியாயங்களும் சந்தேகத்துக்கு உள்ளாயின.

வங்கியில் என் மைத்துனர் கடன் கேட்டால் அந்தக் கோப்பை நான் தொடக்கூடாது. நான் யோக்கியனா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. இந்தப் பாடம் தெரிந்தும் சில ஆண்டுகளுக்கு முன் விதைத் திருவிழாவுக்கு ஒரு ஆலையிடம் பந்தல் செலவை வாங்கினேன். அடுத்த கோடையில் அந்த ஆலையின் கழிவுநீர் பற்றி மனு எழுதினார்கள். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று நானே மூன்று முறை தள்ளிப்போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். பணம் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறோம். மடைப்பக்கம் நூறடி வரை நாங்களே வெட்டினோம். மீதியெல்லாம் ஆகாயத்தாமரை. அந்தத் தம்பி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மழைக்கு முன் முடியுமா என்று எனக்கும் கவலைதான்.