கூதிரும் குழந்தைகளும்

ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவங்களாகப் பகுத்தனர் பழந்தமிழர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். வடக்கினின்று வாடைக்காற்று வீச, வடகிழக்குப் பருவமழை பொழியும் காலம் அது.

இப்பருவத்தைச் சிறு குழந்தைகட்கு எவ்வாறு கற்பித்தல் வேண்டும்? பெயர்களை ஒப்புவிக்கச் செய்தல் ஒரு முறை. படநூலைக் காட்டுதல் மற்றொரு முறை. ஆனால் மேலைநாட்டுப் படநூல்களில், செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் மஞ்சளும் சிவப்புமாய் இலையுதிர்த்து நிற்கும். இங்கிலாந்து முதலிய குளிர்நாடுகளில் அது மெய்யே. அங்கே பகற்பொழுது குறுகக் குறுக, இலையிலுள்ள பச்சையம் சிதையும். அதனுள் மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படும். தமிழ்நாட்டிலோ அம்மாதங்களில் மழை பெய்து மரஞ்செடிகள் தழைக்கின்றன. வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனித் திங்கள்களில் அன்றோ? படத்தை மட்டுமே கண்ட குழந்தை, வாயிலில் நிற்கும் வேம்பு தழைத்திருக்கவும், "ஐப்பசியில் மரங்கள் இலையுதிர்க்கும்" என்று எழுதிவிடும். தன் கண்ணை நம்பாது ஏட்டையே நம்பும் இப்பழக்கம் இளமையில் வேரூன்றின், பின்னர்க் களைதல் அரிது.

ஆதலின், பருவப் பாடம் வாயிற்படியில் தொடங்குதல் நன்று. மழைநாளில் குழந்தைகளைத் தாழ்வாரத்தில் அமர்த்திக் கண்டதைக் கூறச் செய்க. "மழை" என்னும் ஒரு சொல்லே முதலில் வரும். சிறு துளியாய் விழுவது தூறல். காற்றால் சாய்ந்து வந்து திண்ணையை நனைப்பது சாரல். விடாது பெய்வது அடைமழை என்று அவ்வப்பொழுதே சுட்டிக் காட்டுக. மூன்று சொற்களும் மூன்று பொருளோடு நெஞ்சில் நிற்கும். மழை விட்டபின், முற்றத்தில் கிடைக்கும் தளிர், இலை, பழுப்பு, சருகு ஆகியவற்றைத் திரட்டி வரிசையாக வைக்கச் செய்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு வாக்கியம் சொல்லுமாறு கேட்க. வாய்க்கால் நீர் "சலசல" என ஓடுவதைக் கேட்ட செவிக்கு இரட்டைக்கிளவியும் எளிதில் விளங்கும்.

இவ்வாறு குழந்தைகள் கூறிய வாக்கியங்களையே கரும்பலகையில் எழுதி, அவர்களையே படிக்கச் செய்தல் வேண்டும். தாம் சொன்னது எழுத்தாகி நிற்பதைக் காணும் குழந்தை, படிப்பதற்கு அஞ்சாது. அதன்பின் மேலைநாட்டுப் படநூலை விரித்து, "நம் ஊரில் இப்பொழுது மரங்கள் இவ்வாறு நிற்கின்றனவா? இல்லையெனில் ஏன்?" என்று வினவலாம். அப்பொழுது அப்படம் குழந்தையை மயக்காது. பிறநாட்டின் இயல்பை அறிவிக்கும்.

பழம்புலவரும் இவ்வாறு கண்டறிந்தே பாடினர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை 188 அடிகளால் கூதிர்காலத்தைக் காட்டுகின்றது. முகில் மூடி ஞாயிறு தோன்றாத நாளில், பிச்சியரும்பு விரிந்து மணப்பதைக் கொண்டு மகளிர் மாலைப்பொழுதை அறிந்தனர் என்கிறார் அதன் ஆசிரியர் நக்கீரர். புதர்தோறும் பூக்கும் பீர்க்கினையும் அவர் பாடியுள்ளார். வேலியில் பூத்த பீர்க்கினை இளமையில் கண்டு பெயர் சொல்லிய குழந்தைக்கு, வளர்ந்தபின் அப்பாட்டு அயலாகத் தோன்றாது.

காணாத பொருளின் பெயர் நாவளவில் நின்று மறையும். கண்டு கற்ற சொல்லோ வாழ்நாள் முழுதும் உடன்வரும். தம்பி தங்கையர்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.