நர்சம்மா எழுதும் எண் யாருக்கு?

பிறந்து மூன்றாம் நாள். தாழ்வாரத்து உத்தரத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி, துணித்தூளியில் குழந்தையைக் கிடத்தி, மெல்லக் கையை எடுத்தார் கிராம சுகாதார செவிலியர். முள் ஆடி அடங்கி 2.2-இல் நின்றது. மருத்துவமனையில் கொடுத்த அட்டையிலோ பிறப்பு எடை 2.5 கிலோ. "ரெண்டரைன்னே போட்டுடுங்க நர்சம்மா. மூணு நாள்ல புள்ள இளைச்சிருச்சுன்னா ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றார் பாட்டி. செவிலியர் 2.2 என்றே எழுதினார். அப்புறம் அட்டையையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

அன்று அவரோடு ஊர் சுற்றப் போயிருந்த எனக்கு அவர் ஏன் நின்றார் என்று புரியவில்லை. வெளியே வந்ததும் சொன்னார். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்குவரை குறையலாம். 2.5 உண்மையானால் 300 கிராம் இறங்கியிருக்கிறது, அதாவது 12 சதவீதம். கவலைப்பட வேண்டிய கணக்கு. ஆனால் 2.4-ஆக இருந்ததை யாரோ "ரெண்டரை" என்று முழுதாக்கியிருந்தால் குறைந்தது 200 கிராம்தான், எட்டு சதவீதம் சொச்சம். பயமில்லை. "இப்ப நான் எதை நம்புறது சொல்லுங்க?" என்று கேட்டார். விடை தெரியாததால் மறுபடி உள்ளே போய், தாய் பால் கொடுப்பதை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தார். குழந்தை நாளைக்கு எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறது என்று விசாரித்தார். மறுநாளும் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நூறு கிராமை யாரோ போகிறபோக்கில் கூட்டி எழுதியிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு அவர் கொடுத்த விலை, வெயிலில் இன்னொரு நடை.

வீடு தேடி வரும் தாய்-சேய் நலப் பணியாளர்கள் எடுக்கும் கணக்கைப் பற்றி நம்மிடம் பல தவறான நம்பிக்கைகள் உண்டு. படித்தவர்களிடமும் உண்டு, அதிகாரிகளிடமும் உண்டு.

நம்பிக்கை: அவர்கள் எழுதுவதெல்லாம் சர்க்காருக்கு, வீட்டுக்கு அதனால் ஒன்றும் இல்லை.

முதல் பயன் வீட்டுக்குத்தான். நாடு முழுவதற்கும் 2011-இல் வந்த பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில், பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டிலேயே பிரசவமானால் முதல் நாளும் போக வேண்டும். பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளில் முக்கால்வாசி முதல் வாரத்திலேயே போய்விடுகின்றன என்பதால்தான் தொடக்கத்தில் இத்தனை நெருக்கமான நாள்கள்.

இந்தத் திட்டத்துக்கு வித்து மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் விழுந்தது. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி அங்கே 39 கிராமங்களில் அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, மூச்சை எண்ணுவது, கிருமித்தொற்றின் அறிகுறிகளைக் குறித்துக்கொண்டு உடனே மருந்து கொடுப்பது எல்லாம் அந்தப் பெண்களின் வேலை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் 47 கிராமங்கள். பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அந்தப் பெண் எண்ணி எழுதிய மூச்சு, முதலில் அந்தக் குழந்தைக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவியது. ஆய்வுக் கட்டுரைக்குப் போனது அதற்குப் பிறகுதான்.

ஆகவே தாய்-சேய் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது ஒவ்வொரு தாயின் உரிமை. எழுதுபவர் அதைப் படித்துச் சொல்லவும் வேண்டும்.

நம்பிக்கை: மாத அறிக்கையில் எண்கள் அழகாக இருந்தால் அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது.

என் மனதை மிகவும் உறுத்துகிற நம்பிக்கை இது. 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. பெரிய ஆய்வுகளில் பிறப்பு எடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் சரியாக 2.5-இல் ஒரு குவியல் எழும்பி நிற்கும். குழந்தைகள் அப்படிக் கோடு பார்த்துப் பிறப்பதில்லை. ரத்த அழுத்தம் எழுதும் பத்தியில் வரிக்கு வரி 120/80 வந்தாலும் இதே கதைதான். தராசின் முள்ளைப் பார்க்கும் கண்ணும், கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டுமே என்ற மனமும் சேர்ந்து அந்த எண்ணை எழுதுகின்றன.

உடனே செவிலியரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவோம். அது அநியாயம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அத்தனை பேர் பொறுப்பையும் சுமக்கும் ஒரு பெண்ணை மாதக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து, "உங்க ஏரியாவுல மட்டும் ஏன் எடை குறைஞ்ச குழந்தை இவ்வளவு?" என்று நாற்பது பேர் முன்னால் கேட்டால், அடுத்த மாதம் அந்த எண் குறைந்துதான் போகும். குழந்தைகள் கொழுகொழுவென்று ஆகியிருக்க மாட்டார்கள்.

நாடே ஒருமுறை இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இலக்கு வைத்து ஊழியர்களை விரட்டியபோது, நெருக்கடி நிலைக் காலத்தின் 1976-77 ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. வற்புறுத்தல் ஒருபுறம் நடக்க, பின்வந்த ஆண்டுகளில் இலக்கை எட்டியதாகக் காட்டும் பொய்க் கணக்குகளும் பெருகின. கடைசியில் 1996 ஏப்ரலில் கருத்தடை முறை வாரியான இலக்குகளையே மத்திய அரசு கைவிட்டது.

நேர்மையாக அளக்கத் தொடங்கும் ஊரில் முதலில் எண்கள் மோசமாகும். புதிதாக வந்த செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் உண்மையிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தால் ரத்தசோகைக் கணக்கு ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்துக்காக அவரைப் பாராட்ட வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால் வீட்டுக்குப் போய், எந்த நேரத்தில் வலி கண்டது, வண்டி எப்போது வந்தது, எங்கே தாமதமானது என்று விசாரிக்கும் வழக்கம் உண்டு. யாரைத் தண்டிப்பது என்று தேடாமல், எது தவறியது என்று மட்டும் கேட்க வேண்டும் என்பது இந்த விசாரணைக்கான நெறி. அந்த நெறி காப்பாற்றப்படும் இடத்தில்தான் உண்மை வாய் திறக்கிறது. எடைத் தராசுக்கும் அதே நெறி வேண்டும்.

நம்பிக்கை: செயலி வந்துவிட்டது, இனிப் பொய் எழுத முடியாது.

செவிலியர் அந்தத் தெருவில் நின்றார் என்பதை போன் சொல்லும். தூளியில் குழந்தையை வைத்தாரா என்பதை அது சொல்லாது. பல இடங்களில் பதிவேட்டிலும் எழுத வேண்டும், போனிலும் ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத ஊரில் பகலில் நோட்டில் குறித்து, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஏற்றுகிறார்கள். கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகவே முடியாது என்று செயலியை அமைத்துவிட்டால், தராசு பழுதான நாளிலும் ஏதோ ஒரு எடை பதிவாகிவிடும். 'இன்று அளக்கவில்லை' என்று குறிக்க ஒரு கட்டம் போதும், அந்தப் பொய்யைத் தவிர்க்கலாம்.

நம்பிக்கை: விடுபட்டவர்களை எண்ண வழியே இல்லை.

வழி உண்டு. அதற்கான சூத்திரத்தில் ஓர் இந்தியரின் பெயரும் இருக்கிறது. கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், பதிவாளரின் பிறப்பு இறப்புப் பட்டியலையும் வீடு வீடாகப் போய் எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான டெமிங்கும் 1949-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள்.

ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். செவிலியர் பதிவேட்டில் 80 பிறப்புகள். வேறொருவர் தனியாக வீடு வீடாகப் போய் எழுதியதில் 75. இரண்டிலும் இருப்பவை 60. அப்படியானால் பதிவேட்டில் மட்டும் 20, மற்றதில் மட்டும் 15. இருவர் கண்ணிலும் படாதவை எத்தனை? இருபதைப் பதினைந்தால் பெருக்கி அறுபதால் வகுத்தால் 5. ஆக ஊரில் பிறந்த குழந்தைகள் 100. யாரும் பார்க்காத ஐந்து குழந்தைகளைக் கணக்கு பார்த்துவிடுகிறது. எனக்கு இது இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று பார்க்காமல் எழுதப்பட வேண்டும். இரண்டாமவர் அலுப்பில் செவிலியர் நோட்டைப் பார்த்துக் காப்பியடித்தால் எல்லாம் பொருந்திவிடும், விடுபட்டவர் யாருமில்லை என்று விடை வரும். நம் நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டமும் இரட்டைப் பதிவு முறைதான். ஒருவர் தொடர்ந்து எழுதுவார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் தனியே வந்து எடுப்பார், பொருந்தாதவற்றை வீட்டுக்கே போய்ச் சரிபார்ப்பார்கள். 2020-இல் தமிழ்நாட்டின் சிசு இறப்பு ஆயிரத்துக்கு 13, இந்தியாவுக்கு 28 என்று நாம் பெருமையோடு சொல்லும் எண்கள் அப்படி வந்தவை.

நம் ஊரில் கணக்கு நழுவ இன்னொரு காரணமும் உண்டு, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது. வளைகாப்பு முடிந்து பெண் கிளம்பிவிடுவாள். புகுந்த ஊர்ப் பதிவேட்டில் கர்ப்பிணி காணாமல் போவாள். பிறந்த ஊரில் முன்கதை தெரியாத ஒரு தாய் முளைப்பாள். மக்கள் 'பிக்மி நம்பர்' என்கிற 12 இலக்க எண் அவளோடு கூடவே போவதற்காகத்தான். பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண்ணைக் கேட்கும்போது அலுத்துக்கொள்கிறோம். எட்டாம் மாதம் ரத்தம் குறைந்திருந்தது என்ற தகவல் அடுத்த மாவட்டத்துச் செவிலியருக்குப் போய்ச் சேருவது அந்த எண் வழியாகத்தான்.

நம்பிக்கை: வீட்டுக்குள் வந்து கேட்டால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று திருப்பிக் கேட்கலாம். சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லலாம். முன்பு கரு கலைந்ததுண்டா, வீட்டில் அடிக்கிறாரா என்பதெல்லாம் மாமியார் எதிரே கேட்கும் கேள்விகள் அல்ல. கேட்டால் வரும் விடையும் உண்மையாக இருக்காது. நான் கூடப் போன செவிலியருக்கு இது யாரும் சொல்லித் தராமலே தெரிந்திருந்தது.

மறுநாள் அந்த வீட்டில் எடை 2.3 காட்டியது. தாயிடம் அட்டையைக் காட்டிப் படித்துச் சொன்னார். பிறகு, "பாட்டி, கொஞ்சம் வெந்நீர் வச்சுக் கொண்டாங்களேன்" என்று பெரியவரை அடுப்படிக்கு அனுப்பினார். என்னைப் பார்த்தார், நான் வாசலுக்கு வந்துவிட்டேன். உள்ளே கட்டிலோரம் அமர்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ மெதுவாகக் கேட்பதும் அவள் தலையாட்டுவதும் ஜன்னல் வழியே தெரிந்தது. போனும் பதிவேடும் அவர் தோள்பைக்குள் இருந்தன. வெந்நீர் வரும்வரை அந்தப் பையை அவர் திறக்கவில்லை.