உணவில் மறைந்திருக்கும் கோதுமை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

இட்லி, இடியாப்பம், சோறு என்று அரிசியையே உண்டு வாழும் நமக்குக் கோதுமையை விலக்குவதில் என்ன கடினம் இருக்க முடியும்? ஈராண்டுகளுக்கு முன்னர் நானும் இப்படித்தான் நினைத்தேன். காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டில் கோதுமை என்பது எப்போதாவது பரோட்டாவாகவும், நோன்பு மாதத்தில் சமோசாவாகவும் வருவது, அவ்வளவே. பதினான்கு வயதான என் தங்கைக்குச் சீலியாக் நோய் என்று மருத்துவர் கண்டறிந்து, "கோதுமையை அறவே நீக்கிவிடுங்கள்" என்று கூறியபோது, "இவ்வளவுதானா!" என்று உம்மா பெருமூச்சு விட்டார்கள். அந்தப் பெருமூச்சு எவ்வளவு அவசரமானது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம். அந்த அனுபவத்தில் கற்றதைச் சக மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் காரணமும்

சீலியாக் நோய் ஒவ்வாமை அன்று, தொற்றுநோயும் அன்று. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் குடலுக்குள் சென்றதும், சிலருடைய உடலின் எதிர்ப்பாற்றல் தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்புறத்தில் விரல்களைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் விளைவுகள். என் தங்கை வகுப்பிலேயே உயரம் குறைந்தவள். இரும்புச் சத்து மாத்திரைகளை எத்தனை மாதம் விழுங்கியும் இரத்தம் ஊறவில்லை.

இந்நோயை 1888ஆம் ஆண்டிலேயே இலண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ விவரித்திருந்தார். ஆயினும் காரணம் கோதுமைதான் என்பதை நிறுவியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் பட்டினி கிடந்தனர். அந்தப் பஞ்சத்திலும் சீலியாக் நோயுற்ற குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் அவர்கள் மீண்டும் நலிந்தனர். டிக்கே தம் ஆராய்ச்சியை 1950ஆம் ஆண்டு ஆய்வேடாக அளித்தார். இன்றுவரை இந்நோய்க்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே மருத்துவம்.

இந்தியாவில் இந்நோய் எங்கே மிகுதி என்பதைக் குறித்து 2016இல் வெளியான ஆய்வொன்று, வடபகுதியில் நூற்றுக்கு 1.23 பேரிடமும், தென்பகுதியில் ஆயிரத்துக்கு ஒருவரிடமும் இந்நோய் இருப்பதாகக் காட்டியது. நோய்க்கு இடமளிக்கும் மரபணுக்கள் இரு பகுதியினரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. வேறுபட்டது தட்டில் விழும் கோதுமையே: அங்கே சராசரியாக நாளொன்றுக்கு 455 கிராம், இங்கே 25 கிராம். ஆகவே நம் பக்கத்தில் இந்நோய் அரிது. அரிது என்பதனாலேயே கடைக்காரருக்கும், உணவுப் பொருள் செய்பவருக்கும் இதன் பெயர் தெரியாது. நோயைவிட இந்தத் தெரியாமையே எங்களைப் பெரிதும் அலைக்கழித்தது.

குளூட்டனைக் கண்ணால் காணலாம்

ஒரு பிடி மைதா மாவைப் பிசைந்து உருட்டி, அரை மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் மெல்லப் பிசைந்து கழுவுங்கள். நீர் பாலைப் போல வெளுக்கும். கரைந்து போவது மாச்சத்து. நீர் தெளியும்வரை கழுவினால் கையில் எஞ்சுவது இரப்பரைப் போல இழுபடும் ஒரு பசை உருண்டை. அதுவே குளூட்டன். இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் பெக்காரி இதனை இவ்வாறு பிரித்தெடுத்து, 1745இல் அச்சிட்டு வெளியிட்டார். பரோட்டா கிழியாமல் வீசப்படுவதும், ரொட்டி உப்பி எழுவதும் இப்பசையினால்தான்.

திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுப்பதும் ஏறத்தாழ இதே வேலைதான். மாச்சத்து பாலில் இறங்குகிறது. குளூட்டனின் பெரும்பகுதி சக்கையில் தங்குகிறது. ஆனால் முழுவதும் தங்குவதில்லை. எனவே அல்வாவும் எங்கள் வீட்டில் விலக்கப்பட்டது.

குளூட்டனில் கிளையாடின், குளூட்டனின் என இரு வகைப் புரதங்கள் உள்ளன. கிளையாடினில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதி. நம் செரிமான நொதிகளால் இத்தகைய சங்கிலிகளை முற்றிலும் வெட்ட இயலாது. வெட்டுப்படாத துண்டுகளே நோயாளியின் குடலில் தீங்கைத் தொடங்கிவைக்கின்றன. கோதுமையை வேக வைத்தாலும், பொரித்தாலும் இத்தீங்கு நீங்குவதில்லை.

எவ்வளவு குளூட்டன் தீங்கு?

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் அதனைக் 'குளூட்டன் இல்லாதது' என்று குறிப்பிடலாம். இது உலக அளவிலான கோடெக்ஸ் நெறியிலும், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதியிலும் உள்ள அளவு. இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். மைதாவில் நூற்றுக்கு 8 பங்கு குளூட்டன் என்று கொண்டால், 20 மில்லிகிராம் குளூட்டன் கால் கிராம் மைதாவில் அடங்கிவிடும். ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம் மைதா, அதாவது ஒரு சிறு சிட்டிகை, கலந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடுகிறது. நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உண்ட நோயாளிகளின் குடலுறிஞ்சிகள் தேய்ந்ததை 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று காட்டியுள்ளது.

ஆறு மாதங்களுக்குப் பின் தங்கைக்கு மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்தபோது, நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு குறைந்திருந்தது. ஆனால் இயல்பு நிலைக்கு வரவில்லை. "எங்கிருந்தோ கோதுமை போய்க்கொண்டிருக்கிறது, தேடுங்கள்" என்றார் மருத்துவர். பரோட்டாவைக் கண்ணாலும் காணாத பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்கிறாளோ என்று வீட்டில் ஐயம் எழுந்தது. அவள் அழுதாள். எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்தைப் படிப்பவன் நான் ஒருவனே. ஆகவே அடுப்படியில் அமர்ந்து ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் படிக்கலானேன்.

குற்றவாளிகள் அகப்பட்டனர்

முதலில் அகப்பட்டது பெருங்காயம். ஆப்கானிஸ்தான், ஈரான் முதலிய நாடுகளில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பாலே பெருங்காயம். அதன் நெடியும் காரமும் கடுமையாதலின், கருவேலம் பிசின் போன்ற பிசினையும் தானிய மாவையும் சேர்த்துக் 'கூட்டுப் பெருங்காயம்' ஆக்கி விற்கிறார்கள். சட்டமும் இதனை அனுமதிக்கிறது. அந்தத் தானிய மாவு பெரும்பாலும் கோதுமை மாவு. எங்கள் டப்பாவிலும் மிகச் சிறிய எழுத்தில் அப்படியே அச்சிடப்பட்டிருந்தது. இரசத்திலும், பருப்பிலும், ஊறுகாயிலும் நாங்கள் அதனை இட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது, மாவு மில். எங்கள் இடியாப்ப மாவு அரைபடும் அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைபடுகிறது. "காக்கா, இதுக்கு முந்தி என்ன அரைச்சீங்க?" என்று கேட்டேன். "கோதுமைதான். அதுல என்ன தம்பி இருக்கு?" என்றார் மில்காரர். அவரிடம் குளூட்டனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "மிளகாய் அரைச்ச கையோட அரிசியை அரைப்பீங்களா?" என்றேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. மிளகாயின் எச்சத்தை நாக்கு காட்டிக்கொடுக்கும். கோதுமையின் எச்சத்தைக் குடல்தான் காட்டிக்கொடுக்கிறது.

மூன்றாவது, எப்போதாவது வாங்கிய சோயா சாஸ். அது சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைப்பது. இவை தவிர, உடல் தேறட்டும் என்று உறவினர் அன்போடு வாங்கி வந்த ஹார்லிக்ஸ், பார்லி மால்ட்டும் கோதுமை மாவும் சேர்ந்தது என்பதைப் படித்து, அதனைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தோம். இவற்றுள் எதனால் எவ்வளவு தீங்கு விளைந்தது என்று பிரித்துக் கூற என்னால் இயலாது. அனைத்தையும் நிறுத்தினோம்.

நான் எழுதிய கடிதங்கள்

லேபிளில் கோதுமை என்று இருந்தால் விலக்கிவிடலாம். 'மசாலாப் பொருள்கள்', 'உண்ணத்தக்க மாச்சத்து' என்று மட்டும் இருந்தால் என்ன செய்வது? செய்தவரைத்தான் கேட்க வேண்டும். ஆறு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "உங்கள் பொருளில் குளூட்டன் உண்டா?" என்பதே நான் கேட்ட ஒரே கேள்வி.

இரு நிறுவனங்கள் பதில் எழுதவில்லை. ஒரு நிறுவனம், "எங்கள் தயாரிப்பு நூறு விழுக்காடு சைவம்" என்று எழுதியது. மற்றொன்று, "மிகத் தூய்மையானது, தலைமுறைகளின் நம்பிக்கையைப் பெற்றது" என்று எழுதியது. ஐந்தாவது, "குளூட்டன் சேர்ப்பதில்லை" என்றது. மகிழ்ச்சியோடு உம்மாவிடம் கூறினேன். ஆயினும் மனம் ஒப்பவில்லை. "மாச்சத்து எந்தத் தானியத்திலிருந்து?" என்று மறுபடி எழுதினேன். "கோதுமை" என்று பதில் வந்தது! அவர்கள் பொய் கூறவில்லை. குளூட்டன் என்ற பெயரில் எதையும் அவர்கள் தனியாக வாங்கிச் சேர்ப்பதில்லை என்பது உண்மையே. பிழை என் கேள்வியில் இருந்தது. ஆறாவது நிறுவனம் மட்டும், அரிசி மாவையே பயன்படுத்துவதாகவும், தனி இயந்திரத்தில் அரைப்பதாகவும், பரிசோதனை முடிவோடு எழுதியது. இப்போது எங்கள் வீட்டில் இருப்பது அந்தப் பெருங்காயமே.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில், தவறான வினைப்பொருளை ஊற்றினால் வீழ்படிவு வராது. அதனால் அந்த அயனி இல்லை என்று எழுதிவிட முடியாது. கேள்வியும் அப்படித்தான். செய்தவருக்குத் தெரிந்த சொல்லில் கேட்டால்தான் விடை வரும். இப்போது நான் அனுப்பும் கேள்விகள் இவை:

1. இதில் உள்ள மாவு, மாச்சத்து, மால்ட், கெட்டிப்படுத்தும் பொருள் ஆகியவை எந்தெந்தத் தானியத்திலிருந்து எடுக்கப்படுகின்றன?

2. இதே இயந்திரத்தில் கோதுமையோ பார்லியோ சேர்ந்த வேறு பொருள் செய்யப்படுகிறதா? இடையில் எவ்வாறு சுத்தம் செய்கிறீர்கள்?

3. குளூட்டன் அளவைப் பரிசோதித்ததுண்டா? ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்ததா?

4. என் கையில் உள்ள பொட்டலத்தின் தொகுதி எண் இது. வேறு தொழிற்சாலையில் செய்த பொட்டலத்துக்கும் உங்கள் விடை பொருந்துமா?

மாத்திரைகளுக்கும் முதற்கேள்வி பொருந்தும். அவற்றிலும் மாச்சத்து சேர்க்கப்படுவதுண்டு. ஆனால் விடை வரும்வரை மாத்திரையைத் தாமாக நிறுத்துவது பெருந்தவறு. மருத்துவரிடம் கேட்க வேண்டும். விடை கிடைத்த பொருளையும் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படிக்க வேண்டும், செய்முறை மாறக்கூடும்.

கேட்பது நம் உரிமை

இவ்வாறு கேட்பது சலுகை அன்று. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, நுகர்வோர் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகள், குளூட்டன் உள்ள தானியங்கள் சேர்ந்திருந்தால் அதனைத் தனியே குறிப்பிடச் சொல்கின்றன. ஆனால் எங்கள் ஊர்க் கூலக்கடை பஜாரில் சில்லறையாக நிறுத்துக் கட்டித் தரும் பொருளுக்கு லேபிள் ஏது? அங்கே மூட்டையின் மேலுள்ள எழுத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். கடைக்காரர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். இப்போது அவர்களே மூட்டையைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

சென்ற நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியைத் தங்கைக்குக் கொடுக்கலாமா என்ற ஐயம் வந்தது. கஞ்சி காய்ச்சுபவரிடமே சென்று கேட்டேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப் பால், கறி என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார். சமோசா பொரித்த எண்ணெய் கஞ்சிப் பக்கமே வருவதில்லை என்பதையும் நான் கேட்காமலே சொன்னார். ஆறு நிறுவனங்களில் ஒன்றே தந்த விடையை, அவர் கரண்டியைக் கையிலிருந்து கீழே வைக்காமலே தந்துவிட்டார். முன்பெல்லாம் உணவைச் செய்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தார். கேட்டால் விடை கிடைத்தது. இன்று அவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். கேட்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. கேள்வியைத் திருத்தமாக எழுதி அனுப்பினால் போதும்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் தங்கையின் எதிர்ப்பொருள் அளவு இயல்புக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்தும் இருக்கிறாள். அவளைச் சந்தேகப்பட்டதற்காக உம்மா இன்னும் வருந்துகிறார்கள்.

நோன்பு முடிய ஒரு வாரம் இருக்கையில், கஞ்சி காய்ச்சுபவர் தெருவில் என்னைக் கண்டு அழைத்தார். புதிதாக வாங்கிய மசாலாப் பொட்டலம் ஒன்றை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. சட்டியில போடுறதுக்கு முந்தி தெரிஞ்சுக்கிடணும்" என்றார்.