அஞ்சு பேர், ஒரு கோர்ஸ், ஒரு தேதி

ஆன்லைனில் படிப்பதற்கு இன்று பஞ்சமே இல்லை. ஐஐடி பேராசிரியரின் லெக்சர் யூட்யூபில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனாலும் ஆசையாகச் சேருகிறவர்களில் பெரும்பாலானோர் முடிப்பதில்லை. 'படிச்சியா?' என்று கேட்க ஒரு ஆள், 'புரியல' என்று சொல்ல ஒரு இடம், தள்ளிப்போட முடியாத ஒரு தேதி. இந்த மூன்றும் இருந்தால் சுமாராகப் படிக்கிறவரும் முடித்துவிடுவார்.

இவற்றைத் தரும் ஒரு படிப்புக் குழுவை ஆபீஸிலோ தெருவிலோ நீங்களே தொடங்குங்கள். இது சமூக சேவைதான். ஆனால் முதல் லாபம் உங்களுக்கு. குழுவை நடத்துகிறவர்தான் அதிகம் கற்கிறார். மேனேஜர் கண்ணில் படுகிறவரும் அவர்தான்.

1. தேதியை முதலில் பிடியுங்கள்

ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது என்பிடெல். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பதிவு செய்தால் பாடம் இலவசம். தேர்வு எழுத மட்டும் கட்டணம். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு செமஸ்டர். தேர்வை நேரில் சென்டருக்குப் போய், கண்காணிப்பாளர் முன்னால்தான் எழுத வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது அதனால்தான். ஐந்து பேரும் ஒரே கோர்ஸ் எடுங்கள், ஒரே நாளில் பணம் கட்டுங்கள். காசு கட்டிய பிறகு யாரும் லேசில் கழன்றுகொள்ள மாட்டார்கள்.

2. ஆள் பார்த்துச் சேருங்கள்

ஐந்து பேர் போதும். கூட்டம் பெருகினால் பாதிப் பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஒரே புரமோஷனுக்குக் காத்திருக்கும் இருவரை ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நோட்ஸ் பதுங்க ஆரம்பிக்கும். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், எச்ஆர் என்று பிரித்து எடுங்கள். ஐம்பதைத் தாண்டிய சீனியர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவருக்கு பைதான் தெரியாமல் இருக்கலாம். எந்த ரிப்போர்ட்டில் எம்டி எந்தக் கட்டத்தை முதலில் பார்ப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

3. கணக்குப் போட்டுப் படியுங்கள்

என்பிடெல் 12 வாரக் கோர்ஸில் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். ஒவ்வொரு அசைன்மென்ட்டின் கடைசித் தேதிக்கும் இரண்டு நாள் முன்பு கூடுங்கள். கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ பேசினால் 60 நிமிடம்தான். அதையே பீரியட் பெல்லாக வைத்துக்கொள்ளுங்கள். முறையைப் பேசுங்கள், விடையைக் கைமாற்றாதீர்கள். காப்பி அடித்தவர் தேர்வு ஹாலில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

4. வாட்ஸ்அப்பை அடக்குங்கள்

குட்மார்னிங் படம் வந்த அன்றே குழு பாதி செத்துவிட்டது. அட்மின் மட்டும் மெசேஜ் போடும்படி செட்டிங்கை மாற்றுங்கள். நேரம், லிங்க், கெடு இவ்வளவுதான் அதில் வரவேண்டும். சந்தேகங்களை ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள்: கேள்வி, கேட்டவர், பதில். தேர்வுக்கு முந்தைய வாரம் அந்த ஷீட்தான் உங்கள் கைடு.

5. வாரம் ஒருவர் வாத்தியார்

ஸ்க்ரீனைப் பகிர்ந்து, செய்துகாட்டி விளக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஸ்டோர்ஸ்காரர் எக்செலில் விலையைத் தேட வி-லுக்அப் ஃபார்முலா போடுகிறார். விலை வராமல் எர்ரர் வருகிறது. இரண்டு ஷீட்டிலும் ஐட்டம் கோடு ஒரே மாதிரிதான் தெரிகிறது. அக்கவுண்ட்ஸ்காரர் செல்லுக்குள் கர்சரை வைத்துப் பார்க்கச் சொல்கிறார். கோடின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ். ட்ரிம் ஃபார்முலா போட்டதும் விலை வந்துவிடுகிறது. வீடியோவை நாலு தடவை பார்த்தாலும் இது மனதில் நிற்காது. தடுமாறிக் கற்றதை அந்த ஐந்து பேரும் மறக்க மாட்டார்கள்.

6. இங்கிலீஷ் தடுக்கிறதா? தமிழில் தொடங்குங்கள்

ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் ட்யுடோரியல் பாடங்கள் சுமார் பத்து நிமிட வீடியோக்கள். லிப்ரே ஆபீஸ் உட்படப் பல பாடங்கள் தமிழ்க் குரலிலும் இருக்கின்றன. டவுன்லோட் செய்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஊர்ப்புறத்தில் சுய உதவிக் குழுவின் கணக்கு எழுதுகிறவருக்கும், கடைக்கு பில் போடுகிறவருக்கும் இதுதான் சரியான முதல் படி. பாதி ஸ்க்ரீனில் வீடியோ, பாதியில் சாஃப்ட்வேர். பார்த்த கையோடு செய்யுங்கள்.

7. தெருவுக்கும் சொல்லிக்கொடுங்கள்

மாதம் ஒரு ஞாயிறு, கிளை நூலகத்திலோ அபார்ட்மென்ட் ஹாலிலோ, பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம். யூபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை; கேட்டால் அது மோசடி. ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போனால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். ஒரு வகுப்புக்கு இவ்வளவு போதும். எழுபது வயதுப் பாட்டிக்குப் புரியவைக்கத் தெரிந்தவருக்கு க்ளையண்ட் மீட்டிங் பெரிய விஷயமே இல்லை. இந்தப் பயிற்சிக்கு வெளியில் காசு கேட்பார்கள்.

8. ரெஸ்யூமில் ஏற்றுங்கள்

சான்றிதழை மட்டும் போட்டால் கூட்டத்தோடு கூட்டம். 'ஐந்து பேர் கொண்ட கற்றல் குழுவை 12 வாரம் நடத்தினேன். இத்தனை பேர் தேர்ச்சி' என்று உண்மையான எண்ணோடு ஒரு வரி எழுதுங்கள். கற்றதை வைத்து ஆபீஸில் எந்த வேலையின் நேரத்தைக் குறைத்தீர்கள் என்று இன்னொரு வரி. இன்டர்வியூவில் அந்த இரண்டு வரிகளைச் சுற்றித்தான் கேள்வி வரும். பதில் உங்கள் கையில் தயாராக இருக்கும்.

குழு தொடங்க பட்ஜெட் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். இன்று மாலைக்குள் நாலு பேருக்கு மெசேஜ் போடுங்கள். நீங்கள் போடாவிட்டால் பக்கத்து சீட்டில் இருப்பவர் போடுவார்; அப்ரைசலில் பெயரும் அவருக்குத்தான்.