காதில் விழும் குரல் யாருடையது?



மனச்சிதைவு நோயுள்ளவர், "யாரோ என்னைத் திட்டுகிறார்கள்" என்றால், "பொய் சொல்லாதே" என்று அதட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் குரல் அவர் காதில் உண்மையாகவே விழுகிறது. 1993ஆம் ஆண்டு லண்டனில் பிலிப் மெக்குவயரும் உடன் ஆய்வாளர்களும் 12 நோயாளிகளின் மூளை இரத்த ஓட்டத்தை, குரல் கேட்கும்போதும் கேட்காதபோதும் படமெடுத்தார்கள். குரல் கேட்ட வேளையில், நாம் பேசுவதற்கு உதவும் புரோக்கா பகுதியில் ஓட்டம் கூடியிருந்தது.

நாம் எல்லாரும் மனதுக்குள் பேசிக்கொள்கிறோம். அது நம் பேச்சுதான் என்று மூளையே நமக்கு அடையாளம் காட்டுகிறது. இந்நோயில் அந்த அடையாளம் தவறுவதால், சொந்தப் பேச்சே அந்நியர் குரலாகிறது என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. "எனக்கு வியாதி இல்லை" என்று மருந்தை மறுப்பதும் பலவேளைகளில் பிடிவாதமல்ல. தன் நோயை உணரும் திறனையே நோய் பாதித்திருக்கிறது.

ஆகவே வாதாடவேண்டாம்; ஆமென்று ஒத்துப்பாடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, உங்களுக்குக் கேட்கிறது. பயமாயிருக்கிறதா?" என்று அருகில் அமர்ந்து விசாரிப்போம். குரல் அவரைச் சாகச் சொன்னால், தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச்செல்வோம். ஜெபிக்கிற வீட்டிலும் மாத்திரை நின்றுவிடக் கூடாது.