புகார் கொடுத்தாயிற்று, அப்புறம்?

தேனி மாவட்டம் தேவாரத்திலிருந்து ஜீப் ஏறி, கேரள எல்லைக்குள் உள்ள ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெண்ணுக்குக் கூலித் தகராறில் கை எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புகாரை ஊர் திரும்பி தேவாரம் காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவுப்படி, எல்லையைக் காரணம் காட்டிப் புகாரை மறுக்க முடியாது. பதிவான வழக்கு சம்பவம் நடந்த இடத்துக் காவல் நிலையத்துக்குப் போய்விடும். விசாரணையும் அங்குள்ள நீதிமன்றத்தில்தான்.

புகார் கொடுப்பதற்கு முன்பே, அரசு மருத்துவமனையில் கை எப்படி முறிந்தது என்பதை உள்ளபடி சொல்லிப் பதிய வேண்டும். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று கூச்சத்தில் சொன்ன ஒரு வார்த்தை, பின்னால் குறுக்கு விசாரணையில் வந்து நிற்கும்.

புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் திரும்பிவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்க வேண்டும். பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபால், அதற்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு. புலனாய்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் போலீசார் 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை தாக்கலானதும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வழக்கை நடத்துபவர் அரசு வழக்கறிஞர். பாதிக்கப்பட்டவர் சம்மன் வந்தால் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறவர் என்ற நினைப்புதான் காரணம். ஆனால் அவர் தனக்கென ஒரு வழக்கறிஞரை வைத்து, நீதிமன்ற அனுமதியோடு அரசுத் தரப்புக்கு உதவலாம். குற்றப்பத்திரிகை நகல்கூட, வழக்கறிஞர் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்குத்தான் என்கிறது அதே சட்டத்தின் 230-வது பிரிவு. வசதியில்லாதவர்கள் அந்தந்த மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-க்கு அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு.

இப்படி ஒதுங்காமல் இருப்பதன் பலனை, கோகுல்ராஜ் என்ற இளைஞரின் கொலை வழக்கு காட்டியது. 2015-ல் அவர் கொல்லப்பட்ட பிறகு அவருடைய தாய் சும்மா இருக்கவில்லை. உயர் நீதிமன்றத்தை நாடி, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தார். முக்கிய சாட்சி பிறழ்ந்த அந்த வழக்கில், 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஜாமீன் மனு விசாரணையிலும் பாதிக்கப்பட்டவர் ஆட்சேபம் சொல்லலாம். உத்தரப் பிரதேசத்தில் விவசாயிகள் மீது கார் ஏற்றிய லக்கிம்பூர் கேரி வழக்கில், பாதிக்கப்பட்டவர்கள் தரப்பைச் சரியாகக் கேட்காமல் தந்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ரத்து செய்தது.

எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) விடுதலையானாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதாவிட்டாலோ பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். தண்டனைக் காலம் குறைவு என்பதற்காக மட்டும் முடியாது. எதிரியே சிக்காத வழக்கிலும் இழப்பீடு கேட்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம், எஃப்.ஐ.ஆர். நகலையும் மருத்துவச் சான்றுகளையும் அதோடு இணைக்க வேண்டும்.