நாஞ்சில் நாடும் மலையாள நாடும்: நட்பும் பிணக்கும்

அண்டை அயலாராய் வாழ்வோரிடையே சிநேகமும் போட்டியும் ஒருங்கே வளர்தல் மனித சுபாவம். கடல் கடந்து வாழ்பவனோடு நமக்கு வழக்கொன்றும் எழுவதில்லை. வேலி பொதுவாக உடையவனோடே எழுகின்றது. இதற்குச் சரித்திர ஆசிரியர் பெரிதும் எடுத்துக்காட்டுவோர் கனடா தேசத்தாரும் அமெரிக்க ஐக்கிய நாட்டாருமாவர். 1813-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை புகுந்த யார்க் நகரத்தில் சட்டசபை மாளிகை தீக்கிரையாயிற்று. மறு ஆண்டிலே பிரிட்டிஷ் படை வாஷிங்டன் நகரில் ஜனாதிபதியின் மாளிகையைக் கொளுத்திற்று. அவ்வாறு பொருதவர்களே 1817-இல், பேரேரிகளில் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்வதென்று உடன்பட்டனர். இன்று 8,891 கிலோமீட்டர் நீண்ட அவ்வெல்லையில் அவர்கள் ஒருவரோடொருவர் வியாபாரம் செய்கின்றனர். பனிச்சறுக்குப் பந்தாட்டத்தில் முட்டி மோதுகின்றனர். 2025-இல் எழுந்த சுங்கவரிப் பூசலைப்போல அவ்வப்போது கசந்தும் கொள்கின்றனர்.

ஆயினும் நம் மாணவர் இதனை அறிதற்கு அத்துணைத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இராஜாக்கமங்கலத்தினின்று கடலோரச் சாலையில் மேற்கே முட்டம், குளச்சல் எனச் சென்றால் அமையும். ஊருக்கு ஊர் பேச்சின் ஓசை மாறிவருவதைக் காது தானே உணரும். நம்மில் பலர் குடிநீரை ‘வெள்ளம்’ என்கிறோம். பிற தமிழ் மாவட்டத்தார் அதைக் கேட்டுத் திகைக்கின்றனர். அவர்கள் மரவள்ளி என்பது நமக்கு மரச்சீனி, திருவனந்தபுரத்தார்க்கும் அஃதே. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியை ஊக்குவித்தார் என்பது சரித்திரம். அக்கிழங்கும் மீன்கறியும் சேர்ந்த உணவில் இரு மொழியார்க்கும் வேற்றுமையில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் தாயம் வழங்கியதும் மலையாள நாட்டுத் தொடர்பை நினைவூட்டுவதே. அதன் கேடுகளை நகைச்சுவையோடு இடித்துரைத்துக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடினார். நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் இயற்றப்பட்டது. அக்கவிமணியோ திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையும் அந்நகரத்துக் கல்லூரியில் கற்பித்தவரே.

இனிப் பிணக்கின் கதைக்கு வருவோம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அரசியலும் உத்தியோகமும் பெரிதும் மலையாள மொழியாரிடமே இருந்தன என்னும் மனக்குறை தமிழரிடையே நெடுநாள் இருந்தது. ‘பாண்டி’ என்னும் ஏளனச் சொல்லை நம் முன்னோர் எத்தனை முறை கேட்டிருப்பரோ! நாமும் பதிலுக்கு ஏளனம் பேசாதவரல்லர். சுதந்தரத்துக்குப் பின் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி முதலியோரின் தலைமையில், தமிழ் வட்டங்களைச் சென்னை இராஜ்யத்தோடு சேர்க்க வேண்டுமென்று கிளர்ந்தது. 1954-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர், உயிர்கள் மாய்ந்தன. அப்போது முதலமைச்சராயிருந்தவர் பட்டம் தாணுபிள்ளை. அவரது கட்சியைச் சேர்ந்த வடநாட்டுத் தலைவர் இராம் மனோகர் லோகியாவே, அவர் பதவி விலக வேண்டுமென்று கேட்டது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தன் கட்சி அரசின் துப்பாக்கியைத் தானே கண்டிக்கும் தலைவரை நாம் அரிதாகவே காண்கிறோம். தமிழ்ப் பகுதிகள் தமிழ்நாட்டோடு இணைவதை விரும்பிய கவிமணி, அதனைக் காணாமலே அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாயின. தேவிகுளம், பீருமேடு, நெய்யாற்றின்கரை ஆகியவை கேரளத்தில் நின்றன. ஆகவே இரு பக்கத்தாரும் முழுவதும் மகிழ்ந்தனர் என்பதற்கில்லை.

எல்லை பிரிந்தபின் நிகழ்ந்தவையே மிகச் சுவையுடையன. திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கின்றது; ஆனால் அதனைப் பராமரிப்பது கேரள அரசு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் அங்கிருந்து சரஸ்வதி யானைமீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாகத் திருவனந்தபுரம் செல்கின்றனர். உடைவாளும் உடன் செல்லும். களியக்காவிளையில் கேரளத்தார் எதிர்கொள்வர். இரு மாநிலக் காவலரும் மரியாதை செலுத்துவர். 1954-ஐ நேரில் கண்ட குடும்பத்தாரும் வழிநெடுக நின்று இதனைக் காண்கின்றனர்.

கடலிலும் இப்படியே. தூத்தூர் முதலிய கரையூர் மீனவர் கொச்சித் துறையிலிருந்து தொழில் செய்கின்றனர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரிக்கரையிலும் திருவனந்தபுரக் கரையிலும் ஒருங்கே பெண்கள் கணவரைத் தேடி அழுதனர்.

தண்ணீர் வழக்கு மட்டும் தீர்ந்தபாடில்லை. நெய்யாற்றின் இடக்கரைக் கால்வாய், ஒரே இராஜ்யமாயிருந்த காலத்துத் திட்டத்தின்படி விளவங்கோட்டு வயல்களுக்கும் பாயவேண்டியது. 2004-இல் அந்நீர் நின்றது. நெய்யாறு இரு மாநில ஆறன்று, நீர் வேண்டுமெனில் புது ஒப்பந்தம் வேண்டும் என்பது கேரளத்தின் கட்சி. திட்டமே நமக்குமாகத்தான் வகுக்கப்பட்டது என்பது தமிழ்நாட்டின் கட்சி. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. நெல் விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது இரப்பரும் வாழையும் நிற்கின்றன. சரஸ்வதியைத் தாங்கிய யானை குழித்துறையைக் கடந்து நெய்யாற்றின்கரையில் தங்கும். அவ்வாற்றின் நீரோ இப்பக்கம் வருவதில்லை.